சொல்லக் கூடாத கோட்டை

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று கேட்டால் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகிற காரியம் விளங்கின மாதிரிதான் என்று முணுமுணுத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்குவோம். கேட்டே தீர வேண்டுமென்றால் "தூரமா?" என்று கேட்போம். இங்கே சுங்கைப் பட்டாணியில் என் பக்கத்து வீட்டு மலாய்க்காரி, நான் வாசலைத் தாண்டினால் போதும், வேலிக்கு மேல் தலையை நீட்டி "பெர்கி மானா?" என்பாள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். வாய் நிறையச் சிரிப்போடு கேட்பாள்; அவளுக்கு அது வணக்கம் சொல்கிற மாதிரி. "ஜாலான் ஜாலான்" என்று பதில் சொன்னால் முடிந்தது. சும்மா நடக்கத்தான் என்று பொருள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒவ்வொருத்தி கேட்கும்போதும் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். வயிறு முழுக்கத் தண்ணீரோடுதான் பாசாருக்குப் போவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் "ஜாலான் ஜாலான்" பொய்யும் இல்லை. என் மகன் பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் இப்போது ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. ஹைக்கிங் என்று அதற்குப் பேர். யான் என்ற ஊருக்குத் தெற்கே ஜெராய் மலை கடல்வரைக்கும் இறங்கி வருகிறது. மணல், பாறை, மறுபடி மணல், மறுபடி பாறை என்று கரை போகும். செங்குத்தான பாறைகளுக்கு மேலே, மர வேர்களைப் பிடித்து ஏறி இறங்குகிற ஓர் ஒற்றையடிப்பாதை உண்டு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கால் தவறினால் கடல். அதில் வியர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, காரை வடக்கே விட்டுக்கொண்டு போய், கோலக் கெடா ஆற்று முகத்துவாரத்தில் நிற்கிற பழைய மதில்களையும் பீரங்கிகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். என்னையும் அஞ்சலையையும் காரில் ஏற்றிக்கொள்வான். அஞ்சலை எங்கள் வீட்டோடு இருப்பவள். சொந்தக்காரி இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு. என் வீட்டுக்காரர் மட்டும் வருவதில்லை. கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

"சும்மா நடக்கறதுலதான்மா சுகம் லா" என்பான் மகன், சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே.

"நாங்க நடக்காத நடையாடா? இதே பாறையில, தலையில டின்னோட நடந்தோம்."

"ஜப்பான்காரன் காலத்துல ஹைக்கிங் போன ஆளு நீங்க ரெண்டு பேரும்தான்மா!"

சிநேகிதர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அஞ்சலையும் சிரிப்பாள். சின்னப் பிள்ளைகள், தெரியாமல் பேசுகிறார்கள். தெரிந்தவள் நான் எழுதி வைக்கிறேன்.

எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லிலேயே கை கூசுகிறது. கோட்டை. சரி, எழுதிவிட்டேன். நான் பிறந்தது தரங்கம்பாடி. அங்கே கடற்கரையில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை நிற்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒருவருக்கு வழிகூடச் சொல்ல முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கோட்டை மணலில்தான் விளையாட்டு; அப்பா வலைக்காரர்களிடம் மீன் வாங்குவது கோட்டைக்குப் பின்னால். அப்படிப்பட்ட எனக்கு மலாயாவிலிருந்து லீவில் வந்த ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார்கள். இராமநாதபுரத்துப் பக்கம். பெயர் கோட்டைச்சாமி. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் காலத்துச் சட்டம். பேரை மட்டுமல்ல, பேரில் பாதி வருகிற சொல்லைக்கூட வாயில் எடுக்கக் கூடாது. தாலி ஏறின மறுநாளிலிருந்து, பிறந்ததுமுதல் கண்முன்னால் நிற்கிற ஒன்றுக்கு எனக்குப் பேர் இல்லாமல் போயிற்று. "அந்தப் பெரிய மதில்" என்பேன். கூட்டாளிப் பெண்கள் விடுவார்களா?

"ஏண்டி பாக்கியம், கடல் ஓரத்துல நிக்குதே, அது என்னடி?"

"ம்... உங்கப்பன் கட்டுன மாட்டுக்கொட்டாய்."

கப்பலேறி வந்தது குருண் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு. விடியுமுன் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு எழும்பி, பால்மரம் வெட்டி, மத்தியானம் லயத்துக்குத் திரும்புகிற வாழ்க்கை. கடல் எங்கே என்று கேட்டால் மலைக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார்கள். ஒருநாள் பாசாரில் மீன் விற்கிற மலாய்க்காரர், மீன் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் "கோத்தா, கோத்தா" என்று மேற்கே கையை நீட்டினார். விசாரித்தால், கோட்டையைத்தான் இவர்கள் கோத்தா என்கிறார்களாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொஞ்சம் அழுத்திச் சொன்னால் வசவு மாதிரிக் கேட்கும்தான், ஆனாலும் எனக்கு அது என் ஊரையே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து "எங்க ஊர்ல கடலோரம் பெரிய கோத்தா இருக்கு தெரியும்ல" என்று ஆரம்பித்தேன்.

"அடிப்பாவி, பாதிப் பேரச் சொல்லிட்டியே! பாதி ஆயுசு போச்சு" என்றார் அவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"அது மலாய்ப் பேச்சு. சித்திரகுப்தனுக்கு மலாய் தெரியாது, பேசாம சாப்பிடுங்க."

அடுத்த வீட்டு அஞ்சலையும் அவள் புருஷன் மாணிக்கமும் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. லயத்தில் ஒருத்தர் வீட்டுப் பேச்சுக்கு இன்னொருத்தர் வீட்டில்தான் சிரிப்பு வரும். அவர்களுக்கும் அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. மாணிக்கம் எதையும் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிற ஆள்; என் வீட்டுக்காரரை "அண்ணே" என்று சுற்றிச் சுற்றி வருவார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ஓடிப் போனார்கள். அரிசி நின்றது, துணி நின்றது. மரவள்ளிக்கிழங்கை அவித்து அவித்துத் தின்றோம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், உப்பு இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிவிடலாம். அந்தக் குப்பையைத்தானே தின்ன வேண்டியிருந்தது! அதோடு இன்னொரு பயமும் சேர்ந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். பெரட்டுக்களத்துக்கே லாரி வந்து நிற்கும். நல்ல உடம்புக்காரர்களாகப் பார்த்து ஏற்றும். போன ஒருவரும் திரும்பவில்லை. மாணிக்கம்தான் ஒரு வழி சொன்னார். "கடலோரத்துல தோட்டம் கெடையாதுண்ணே, நம்ம ஆளுங்களும் கெடையாது. ஆள் புடிக்கிறவன் அங்க எதுக்கு வரான்? உப்புக் காய்ச்சுவோம். அரிசிக்கு மாத்திக்குவோம்." ஒரு விடிகாலையில் நாங்கள் நாலு பேரும் மண்ணெண்ணெய் டின்களைத் தலையில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றி நடந்தோம்.

சொன்னால் வெட்கக்கேடு. நாடே பசியில் கிடந்த அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையின் நல்ல நாட்கள். பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன மணல்குடா. அங்கே ஒரு மலாய் மீனவர் தன் பழைய கொட்டகையை எங்களுக்கு விட்டார். ஆண்கள் காட்டில் விறகு வெட்டுவார்கள். நானும் அஞ்சலையும் கடல் தண்ணீரை மொண்டு டின்களில் ஊற்றிக் காய்ச்சுவோம். அடியில் வெள்ளையாக உப்புத் தட்டும்போது அஞ்சலை விரலில் தொட்டு நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். குடாவுக்குக் குடா போக அந்தப் பாறைப் பாதைதான். மேலே ஏறி நின்றால் காற்று சேலையைப் பிய்க்கும். கீழே பார்த்தால் தலை சுற்றும். மாணிக்கம் முன்னால் போய் கையை நீட்டி ஒவ்வொருவராக இழுத்து ஏற்றுவார். தோட்டத்தில் மரத்துக்கு மரம் ஓடி ஓடி நிமிராத முதுகு அங்கேதான் நிமிர்ந்தது. யாரும் சங்கு ஊதவில்லை, யாரும் பேர் கூப்பிடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தரங்கம்பாடியில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். இங்கே மலையிலிருந்து எழும்பிக் கடலில் இறங்கியது. கடலுக்கு முகம் காட்டி நின்றால் வலது கை தெற்கு என்று உடம்பு பழகியிருந்தது. இங்கே எல்லாம் தலைகீழ். "அக்கா, இந்தத் தண்ணிக்கு அந்தப் பக்கம்தானே உங்க ஊரு?" என்று அஞ்சலை கேட்பாள். அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள், ஊரைப் பார்த்ததில்லை. ஆமாம், சூரியன் போய் விழுகிற இடத்தில்தான் என்பேன். "அப்ப இங்க இருட்டும்போது அங்க எடுத்துக்குவாங்களா?" என்பாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே நாலு பேரும் சிரிப்போம்.

உப்பு சேர்ந்துவிட்டது. கோலக் கெடா பக்கம் வயற்காட்டு ஊர்களில் உப்புக்கு நல்ல அரிசி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வடக்கே கரையோரமாகவே நடந்தோம். பாறை முடிந்து சேறு, சேறு முடிந்து வரப்பு, தென்னந்தோப்பு. ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது அது தெரிந்தது. செங்கல்லும் செம்மண் கல்லுமாக நீண்ட மதில், புல் முளைத்த பீரங்கி, மதிலில் வந்து மோதுகிற தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தரங்கம்பாடியை யாரோ தூக்கிக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது. "பாருங்க, கோத்தா!" என்றேன். என் வீட்டுக்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "என்னடா இது, என் பேர்ல ஒரு சொத்து இங்க கெடக்குது, எனக்கே தெரியலையே" என்றார். மாணிக்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

படகுத்துறையில் லாரி நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "குரா!" என்று ஜப்பான்காரன் அதட்டுகிற சத்தம். துப்பாக்கி முனைக் கத்தியோடு ஜப்பான் சிப்பாய், பக்கத்தில் அவனுக்கு மொழி சொல்கிற ஒரு மலாய்க்காரத் துபாஷி. உப்பு மூட்டைகளைப் பிடுங்கினார்கள். ஆண்கள் இருவரையும் பிடரியில் தள்ளிக்கொண்டு போய் லாரியில் ஏற்றினார்கள். அதில் ஏற்கெனவே நம் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எந்தெந்தத் தோட்டமோ, எந்த ரோட்டில் பிடித்ததோ. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போன எங்களை ஒரு தடி தடுத்தது. இஞ்சின் உறுமியது. அவர் முகத்தையாவது ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று "என்னங்க!" என்று கத்தினேன்.

லாரியில் நின்ற அத்தனை ஆண்களும் திரும்பினார்கள்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எல்லோர் பெண்டாட்டியும் அப்படித்தானே கூப்பிடுகிறாள்! ஒவ்வொரு முகத்திலும் ஒரு நொடி வெளிச்சம் வந்தது, என்னைப் பார்த்ததும் போனது. அந்தக் கூட்டத்தில் என்னவரைத்தான் காணவில்லை. யார் தோளுக்கோ பின்னால் நசுங்கிக் கிடந்தார். அப்போதுதான் எனக்கு வெறி பிடித்தது. ஆயுசாவது மண்ணாவது! அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கோட்டைச்சாமீ! கோட்டைச்சாமீ!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒரு தலை நிமிர்ந்தது. துபாஷி என்னிடம் வந்தான். "கோத்தா?" என்றான். பேரைக் கேட்கிறான் என்று நினைத்தேன். "ஆமா, கோட்டை, கோட்டை" என்று அவரைக் காட்டினேன். "டியா ஓராங் கோத்தா?" என்று மதிலைக் காட்டி மறுபடி கேட்டான். எனக்குக் காதில் விழுந்தது கோத்தா ஒன்றுதான். தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். அவன் சிப்பாயிடம் ஏதோ சொன்னான். அந்தக் கோட்டையில் ஜப்பான்காரன் கொஞ்சம் கூலியாட்களை வைத்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 'இவன் கோட்டை ஆளா' என்றுதான் அவன் கேட்டிருக்கிறான். நான் ஆமாம் என்றிருக்கிறேன். சிப்பாய் "பகேரோ" என்று திட்டி அவரைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டான்.

அஞ்சலை இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொன்னால் விடுகிறார்கள் என்று அவள் நினைத்ததில் தப்பென்ன? ஓடிப்போய்த் துபாஷியின் முன்னால் நின்று, அவளும் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

"மாணிக்கம்! அய்யா, மாணிக்கம்! மாணிக்கம்!"

துபாஷி சிரித்தான். மாணிக்கக் கல்லுக்கு இவர்கள் மொழியிலும் மானிக்காம் என்றுதான் பேர். "மானிக்காமா? மானா அடா மானிக்காம்!" என்றான். இங்கே ஏது மாணிக்கம் என்று அர்த்தம். சிப்பாய்க்கும் சொன்னான், அவனும் சிரித்தான். லாரி கிளம்பிவிட்டது. மாணிக்கம் கையைத் தூக்கினார். அஞ்சலை தெரு முனைவரைக்கும் ஓடி, விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள். அந்தத் துபாஷி நிஜமாகவே புரியாமல்தான் கேட்டானா, புரிந்துகொண்டே ஒருத்தனைக் காப்பாற்றினானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆளுக்கும் இரங்க அவனுக்குத் தைரியம் இல்லாமல் போயிருக்கலாம். நல்லவன் என்று கும்பிடவும் முடியவில்லை, பாவி என்று சபிக்கவும் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் அதன் பிறகு கோட்டை ஆளாகவே ஆனார். புல் வெட்டினார், தண்ணீர் சுமந்தார், அடி வாங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துக் கம்போங்கில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு குடிசையில் கிடந்தோம். கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் நாங்கள் இருந்த இந்தக் கெடா மாநிலத்தையே சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டான். கொடி மாறியதைப் பார்த்துவிட்டு அஞ்சலை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, இதுவும் சயாம் ஆயிடுச்சாம்! அப்ப அவரு இருக்கறதும் நாம இருக்கறதும் ஒரே நாடுதானே? இனிமே வந்துடுவாருல்ல?" நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஒருசிலர் திரும்பினார்கள். ஒருவர், மாணிக்கத்தை ஏதோ ஓர் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார். அவ்வளவுதான். இறந்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. அஞ்சலை தாலியைக் கழற்றவில்லை.

பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியது. போய்விடலாம் என்றார் அவர். துணிமணியெல்லாம் கட்டியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அஞ்சலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாலியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் அன்னிக்கு அவரு பேரச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றாள்.

"என்னடி உளர்ற?"

"சொன்னா ஆயுசு கொறையும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

 இத்தனை காலமும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா என்னோடு விறகு பொறுக்கினாள், சிரித்தாள், சோறு தின்றாள்! "நானுந்தானேடி சொன்னேன்?" என்றேன். "ஒனக்குப் பலிக்கல. எனக்குப் பலிச்சிருச்சு" என்றாள். வாதாடி அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. உள்ளே எழுந்து போனேன். மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனுஷரைப் பார்த்து, அவள் காதில் விழும்படி உரக்கக் கேட்டேன்: "கோட்டைச்சாமி, சோறு போடட்டுமா?" அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார், வாசலில் இருந்த அஞ்சலையைப் பார்த்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு "போடு" என்றார். நாங்கள் கப்பலேறவில்லை.

அன்றிலிருந்து, அஞ்சலை காதில் விழும்படி, அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். மறுபடி போய்ச் சேர்ந்த தோட்டத்தில் முதலில் காறித் துப்பினார்கள். இங்கே டவுனில் கோயிலுக்கு வருகிற பெண்கள் இன்றைக்கும் என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். ஒரே ஒரு தடவை தரங்கம்பாடிக்குப் போனோம். அங்கே அக்காள் வீட்டில் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். மலாயா போய்க் கொழுப்பெடுத்து வந்திருக்கிறாள் என்று அன்று முழுக்க என்னோடு ஒருவரும் பேசவில்லை. அப்புறம் மலாயா திரும்பும்வரை "என்னங்க" தான், "அந்தப் பெரிய மதில்" தான். என் கடல், என் மணல், என் கோட்டை. சாயங்காலம் அதன் முன்னால் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் மனசெல்லாம் இங்கே. இத்தனை நாளாக அஞ்சலை காதில் அந்தப் பேர் விழவில்லையே, என்ன நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று பதைப்பு. அக்கா எவ்வளவு தடுத்தும் சொன்ன நாளைக்கு முன்னாலேயே கப்பலேறிவிட்டேன்.

இப்போது அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. படுத்தால் இருமுகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போன ஞாயிறும் கடலுக்குப் போய்விட்டு வந்தோம். மகன் காரை நிறுத்தினான். வாசலில் நின்று "கோட்டைச்சாமீ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். உள்ளே சத்தமில்லை. எனக்குப் பின்னால் அஞ்சலையும் நின்றுகொண்டிருந்தாள், மூச்சுகூட விடாமல். இன்னொரு தடவை கூப்பிட்டேன். இருமல் வந்தது. அப்புறம், "என்னடி, வந்துட்டியா?" என்று குரல் வந்தது. அஞ்சலை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.